அக்காவின் பதில் மனு

காலையில் கடையைத் திறந்ததும் மைக்செட் செய்கிற முதல் வேலை, ஏதாவது ஒரு மைக்கை எடுத்து ஊதிப் பார்ப்பது. அவர் "ஹலோ, ஹலோ" என்று ஆரம்பிப்பதற்குள் எதிர்க்கடைத் தையல்காரர் காதைப் பொத்திக்கொள்வார். கூட்டம், கல்யாணம், பள்ளி விழா என்று எதற்கும் ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிற தொழில். சொந்தப் பெயர் கடைப் பலகையின் ஒரு மூலையில் இருந்தது. அதை யாரும் படித்ததில்லை. எல்லாருக்கும் அவர் மைக்செட்தான்.

சத்தம் அளவு மீறினால் மாடியிலிருந்து 'டங், டங்' என்று கேட்கும். படிக்கட்டின் இரும்புக் கைப்பிடியில் கரண்டியால் இரண்டு தட்டு. இரண்டு தட்டு என்றால் 'சத்தத்தைக் குறை'. ஒரு தட்டு என்றால் 'மேலே வா'. தட்டுகிறவர் அவருடைய அக்கா.

அக்கா பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவர். எந்த வண்டி எங்கே நிற்கிறது, எது தாமதம், யாருடைய குழந்தை தொலைந்துபோய் அழுதுகொண்டிருக்கிறது என்பதையெல்லாம் அந்த ஊரே அவர் குரலில்தான் தெரிந்துகொண்டது. வண்டி வராது என்று அவர் சொன்னால்கூட ஜனங்களுக்குக் கோபம் வராதாம். பிறகு தொண்டையில் கட்டி வந்தது. உயிரைக் காப்பாற்ற மருத்துவர்கள் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து கழுத்தில் ஒரு துணி, கையில் ஒரு சின்ன வெள்ளைப் பலகை, சமையலறைக் கரண்டி. இவ்வளவுதான் அக்காவின் பேச்சு.

கல்யாணம் ஆகாத அக்கா. அப்பா அம்மா போன பிறகு மாடியில் அவர், கீழே தம்பி குடும்பம். அக்கா பலகையில் எழுத ஆரம்பித்தால் தம்பிக்கு இருப்புக்கொள்ளாது. முதல் இரண்டு வார்த்தையைப் பார்த்துவிட்டு, "சரிக்கா, சரிக்கா, புரிஞ்சுது" என்று படியிறங்கிவிடுவார். பாதி வாக்கியத்தோடு அக்கா நின்றுகொண்டிருப்பார். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். இவருக்கு வாயும் இருந்தது, அதைப் பத்து மடங்காகப் பெருக்கும் பெட்டியும் இருந்தது. வாயில்லாத பிள்ளை என்ன செய்யும் என்று அவர் யோசித்ததே இல்லை.

சங்கடம் ஒரு டியூஷன் சென்டர் வடிவில் வந்தது. மாடி முழுவதும் வாடகைக்கு வேண்டும், நல்ல முன்பணம் தருகிறோம் என்று கேட்டார்கள். அந்தப் பணம் வந்தால் புதிய மேடை விளக்குகள் வாங்கலாம். பக்கத்துத் தெருப் போட்டிக்காரன் முகத்தில் கரி பூசலாம். அக்காவை மட்டும் அப்புறப்படுத்த வேண்டும். முதியோர் விடுதி ஒன்று இருக்கிறதே, அங்கே நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறார்களாம்.

மேலே போய்க் கேட்டிருக்கலாம். படிக்கட்டு அவருடைய கல்லாப்பெட்டிக்குப் பின்னால்தான் இருந்தது. கேட்டால் அக்கா பலகையை எடுப்பார், எழுதுவார், எழுதி முடிக்கும்வரை அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். அதைவிட வக்கீலிடம் போவது சுலபமாகத் தெரிந்தது. பாருங்கள் மனித மனத்தை.

வக்கீல் நேர்மையான மனிதர். கொஞ்சம் வறட்டு ஆசாமி. மைக்செட் சொன்னதைக் கேட்டு இரண்டு விஷயங்களைத் தயார் செய்தார். வீடு முழுவதும் தனக்கே என்று அப்பா வாய்வார்த்தையாகச் சொன்னார் என்பது பெரிய வழக்கு. அது முடியும் வரை பொறுக்க முடியாது, மாடி பழுதாகி இடிந்து விழும் நிலையில் இருக்கிறது, அதனால் அக்காவை உடனே காலி செய்யச் சொல்ல வேண்டும் என்பது இடைக்கால மனு. மாடி கருங்கல்லாக நின்றது. ஆனாலும் மைக்செட் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

"கேட்டுக்குங்க," என்றார் வக்கீல். "மனுன்னா வாயால கேக்கறது இல்ல. என்ன வேணும், ஏன் வேணும், எந்தச் சட்டப்படி வேணும்னு எழுதணும். எழுதினது நிஜம்னு சத்தியம் பண்ணணும். அதோட ஒரு நகல் உங்க அக்கா கைக்குப் போகணும். அவங்க படிச்சுப் பார்த்துப் பதில் எழுத நாள் குடுக்கணும். அதுக்கப்புறம்தான் ரெண்டு பேரையும் வெச்சு நீதிபதி விசாரிப்பாங்க."

"ஒரே வீட்டுல இருக்கிற அக்காவுக்கு இவ்வளவு பேப்பரா சார்?"

"ஒரே வீட்டுல இருந்தும் நீங்க பேசிக்கலையே. அதனாலதான் பேப்பர்."

வக்கீலின் குமாஸ்தா வெளியே வராந்தாவில் மைக்செட்டைப் பிடித்துக்கொண்டார். காரியக்காரர். எள் என்றால் எண்ணெயாக நிற்பவர்.

"அண்ணே, சார் சொல்றதெல்லாம் புஸ்தகம். நகல் அவங்க கைக்குப் போனா ஒரு வக்கீலைப் பிடிப்பாங்க, பதில் போடுவாங்க, இழுக்கும். போகலைன்னு வைங்க, எதிர்த்தரப்பு ஆஜராகலைன்னு எக்ஸ்பார்ட்டி, அதாவது ஒருதரப்பு வழக்கா ஆக்கி அன்னைக்கே உத்தரவு வாங்கிடலாம்."

"போகாம எப்படிண்ணே?"

"நோட்டீஸ் குடுக்கிற ஆளு நம்மாளுதான். போனேன், வாங்க மறுத்துட்டாங்கன்னு ஒரு வரி எழுதிடுவாரு. நீங்க அவரைக் கொஞ்சம் கவனிச்சுக்குங்க, போதும்."

மைக்செட் கவனித்துக்கொண்டார். நோட்டீஸ்காரர் கடைக்கு வந்தார். ஸ்பீக்கர் பெட்டியின் மேல் உட்கார்ந்து டீ குடித்தார். பணம் வைத்த உறையை வாங்கிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, அறிக்கையைத் தொடைமேல் வைத்து எழுத ஆரம்பித்தார். இந்த மாதிரி வரிகளை எத்தனையோ முறை எழுதிய கை, தானாகவே ஓடியது. அந்த நேரம் பார்த்து மேலே ஒரு தட்டு கேட்டது. மேலே வா.

"என்னங்க சத்தம்?"

"ஒண்ணுமில்ல. அக்கா," என்றார் மைக்செட்.

"ஓகோ," என்று சொல்லிவிட்டு அவர் எழுதி முடித்தார். படிக்கட்டுப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என்ன எழுதினார் என்று மைக்செட்டும் கேட்கவில்லை. அன்று அக்கா எதற்குக் கூப்பிட்டார் என்று போய்ப் பார்க்கவும் இல்லை.

விசாரணை நாள் வந்தது. மைக்செட் அதற்குமுன் நீதிமன்றத்துக்குள் நுழைந்ததில்லை. அவர் பார்த்த மேடைகளில் எல்லாம் யார் உரக்கப் பேசுகிறாரோ அவர்தான் பெரிய மனிதர். இங்கே மைக்கே இல்லை. உயரத்தில் சுற்றும் மின்விசிறி, கட்டுக்கட்டாக வழக்குகள், வழுவழுப்பேறிய மர பெஞ்சுகள். மேடைமேல் சின்ன உருவமாக ஒரு பெண் நீதிபதி. அவர் பேசுவது முதல் வரிசைக்கே அரைகுறையாகத்தான் கேட்டது. அதற்காகவே கூடம் மொத்தமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. மைக்செட்டுக்கு முதல் வியப்பு அதுதான்.

இவருக்கு முந்தைய வழக்கில் ஒரு பெரிய கட்டட நிறுவனத்தின் வக்கீல் எழுந்தார். கூடவே உதவிக்கு மூன்று பேர். எதிராளி ஒரு சைக்கிள் ரிப்பேர் கடைக்காரர், வரவில்லை. வக்கீல் தடித்த ஒரு மனுவை நீட்டி, மிகவும் அவசரம் என்று ஆரம்பித்தார்.

"இதோட நகல் கடைக்காரருக்குப் போச்சா?" என்று கேட்டார் நீதிபதி.

"காலையிலதான் தயாராச்சு மேடம். அவசரம் கருதி..."

"அவர் படிக்காததை நான் எப்படிப் படிப்பேன்?"

அவ்வளவுதான். அந்தத் தடித்த கட்டு திறக்கப்படாமலேயே திரும்பி வந்தது. வராத ஒரு மனிதருக்காக, கை முழுக்க மசி அப்பிய ஒரு சைக்கிள் கடைக்காரருக்காக, அந்தக் கூடம் தன் வேலையை நிறுத்தி வைத்தது. கட்டடக்காரர்கள் வாயை மூடிக்கொண்டு போனார்கள். மைக்செட்டுக்கு மெய் சிலிர்த்தது. இப்படியும் ஓர் இடம் உண்டா என்று தோன்றியது. அடுத்த வழக்கு அவருடையது.

நீதிமன்றச் சேவகரான டவாலி வாசலுக்குப் போய் அக்காவின் முழுப் பெயரைக் கூப்பிட்டார். வராந்தா முழுவதும் எதிரொலித்தது. எதிர்த்தரப்பு வரவில்லை என்று எழுதுவதற்குமுன் மூன்று முறை கூப்பிட வேண்டும் என்பது அங்கே வழக்கம். இரண்டாம் முறை கூப்பிட்டார். ஊரிலுள்ளவர்களையெல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் குழந்தைகளைச் சேர்த்துவைத்த அக்காவின் பெயரை யாரோ ஒருவர் உரக்கக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். மூன்றாம் முறையும் கூப்பிட்டுவிட்டு டவாலி கொஞ்ச நேரம் காது கொடுத்து நின்றார். மைக்செட் தலையைக் குனிந்துகொண்டார்.

நீதிபதி உடனே உத்தரவு எழுதிவிடவில்லை. கோப்பைப் பக்கம் பக்கமாகத் திருப்பினார். நோட்டீஸ்காரரின் அறிக்கைக்கு வந்ததும் அதை வாய்விட்டுப் படித்தார்.

"மேற்படி விலாசத்துக்குச் சென்று கதவைத் தட்டினேன். எதிர்மனுதாரர் உள்ளேயிருந்தபடி, 'நான் வாங்க முடியாது, போய் உன் கோர்ட்டில் சொல்லிக்கொள்' என்று உரத்த குரலில் கூறி மறுத்துவிட்டார்."

மைக்செட் நிமிர்ந்து பார்த்தார். உரத்த குரலில். அறுவைச் சிகிச்சைக்குப் புறப்படுவதற்குமுன் அக்கா கடைக்கு இறங்கி வந்து, அப்போதுதான் வாங்கியிருந்த புது மைக்கைக் கையில் எடுத்து, மாலை வண்டிகளின் பட்டியல் முழுவதையும் நிறுத்தி நிதானமாகச் சொன்னார். "நல்லா இருக்குடா உன் மைக்கு" என்று சொல்லிவிட்டு வைத்தார். அதுதான் கடைசி. அதற்குப் பிறகு இந்த உலகத்தில் யாருமே கேட்காத குரலை ஒருவன் டீ குடித்துக்கொண்டே கேட்டதாக எழுதியிருக்கிறான். அதற்குக் கூலி கொடுத்தது இவர்.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "மனுதாரர் யாரு? நீங்களா? ஒரே வீட்டுல இருக்கறதா எழுதியிருக்கீங்க. ஒருத்தர் பதிலைக் கேக்காம உத்தரவு போடறது எனக்குப் பழக்கமில்ல. அதனால கேக்கறேன். இன்னைக்கு வரமாட்டேன்னு அக்கா உங்ககிட்ட ஏதாவது சொன்னாங்களா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மாடி கைக்கு வந்துவிடும். குமாஸ்தா பின்னாலிருந்து சட்டையை இழுத்தார். வாயுள்ள பிள்ளைக்கு அன்று வாய் வரவில்லை. வந்தபோது வேறு வார்த்தை வந்தது.

"அவங்களால சொல்ல முடியாதும்மா."

"ஏன்?"

"அக்காவுக்குக் குரலே கிடையாதும்மா. ஆபரேஷன்ல எடுத்துட்டாங்க."

வக்கீல் மெதுவாகத் திரும்பித் தன் கட்சிக்காரரைப் பார்த்தார், பிறகு குமாஸ்தாவைப் பார்த்தார். குமாஸ்தா, தரையில் ஏதோ விழுந்துவிட்டதுபோலக் குனிந்து தேட ஆரம்பித்தார்.

"அப்போ இந்த அறிக்கை எப்படி வந்துது?"

"நான்தாம்மா காசு குடுத்தேன். அவர் மாடி ஏறவே இல்ல."

உட்கார்ந்திருந்த வக்கீல்கள் எல்லாரும் நிமிர்ந்தார்கள். கைது செய்யச் சொல்வார் என்றுதான் மைக்செட் நினைத்தார். நீதிபதி குரலை உயர்த்தவில்லை. நோட்டீஸ்காரர்மீது விசாரணைக்கு உத்தரவு எழுதினார். பிறகு மைக்செட்டைப் பார்த்தார்.

"உங்களுக்கு என்ன தண்டனைங்கறதை அப்புறம் பார்ப்பேன். இப்போ சொன்னதை அப்படியே உங்க கையால எழுதி, சத்தியம் பண்ணித் தாக்கல் பண்ணுங்க. இங்க தாக்கல் பண்ற ஒவ்வொரு தாளோட நகலும் எதிர்த்தரப்புக்குப் போகணும். இந்தத் தாளும் போகும்."

"அக்காவுக்கா?" என்றார் மைக்செட்.

"அக்காவுக்குத்தான். மனுவையும் சேர்த்து வேற ஒரு அலுவலர் கொண்டுபோய்க் குடுப்பார். அவங்க பதிலுக்கு நாள் குடுக்கறேன்."

"அவங்களால பேச முடியாதே, எப்படிம்மா வாதாடுவாங்க?"

"எழுதத் தெரியுமில்ல? எவ்வளவு பெரிய வக்கீலா இருந்தாலும் இங்க முதல்ல எழுதிக் குடுத்துட்டுத்தான் வாயைத் திறக்கணும். இந்த விதி எதுக்காக இருக்குன்னு நினைச்சீங்க?"

மைக்செட் மேசைமேல் இருந்த கட்டுகளைப் பார்த்தார். இத்தனை தாள் எதற்கு என்று சலித்துக்கொண்ட மனிதர் அவர். கத்துகிறவனையும் கத்த முடியாதவரையும் ஒரே வரிசையில் உட்காரவைக்க யாரோ, எப்போதோ, யோசித்து யோசித்து இதை எழுதிவைத்திருக்கிறார்கள் என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. கோயில், பள்ளிக்கூடம், மேடை எங்கேயும் வராத ஒரு பயபக்தி அந்தப் பழைய பெஞ்சின் முன்னால் அவருக்கு வந்தது.

தன் கையால் எழுத அவர் பட்ட பாடு சொல்லி முடியாது. பேச்சில் மழுப்பலாம். 'ஒரு மாதிரி', 'ஏதோ', 'அப்படி ஆயிடுச்சு' என்று பூசி மெழுகலாம். தாளில் அதெல்லாம் நிற்கவில்லை. யார் கொடுத்தது, எதற்குக் கொடுத்தது என்று எழுதித்தான் ஆக வேண்டியிருந்தது. 'மாடி பழுது என்பதும் பொய்' என்ற வரியை வக்கீல் சேர்க்கச் சொல்லவில்லை. எழுத ஆரம்பித்த கை அதையும் எழுதிவிட்டது.

புதிய அலுவலர், நடுத்தர வயதுப் பெண்மணி, கடைக்குள் நுழைந்து டீ வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் படியேறினார். மைக்செட் கீழே நின்று ஒவ்வொரு அடியையும் கேட்டார். கதவு திறந்தது. அலுவலர் இறங்கிப் போனார். இப்போது ஒரு தட்டு விழும், மேலே கூப்பிட்டு அக்கா பலகையால் அடித்தாலும் பரவாயில்லை என்று காத்திருந்தார். தட்டு விழவில்லை. அன்று மட்டுமல்ல, அதற்குப் பிறகும் இல்லை. வேண்டுமென்றே ஸ்பீக்கரை அலறவிட்டுப் பார்த்தார். தையல்காரர் ஓடிவந்து சண்டை போட்டதுதான் மிச்சம்.

மாடியில் நாற்காலி இழுபடும் ஓசை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. அக்கா எழுதிக்கொண்டிருந்தார்.

அடுத்த விசாரணை. டவாலி வாசலில் நின்று அக்காவின் பெயரை முதல்முறை கூப்பிட்டார். அந்த ஓசை அடங்குவதற்குள் வராந்தாக் கம்பியில் 'டங்' என்று ஒரு தட்டு விழுந்தது. டவாலி திடுக்கிட்டுத் திரும்பினார். கழுத்தில் துணி கட்டிய ஒரு பெண் கைப்பையோடும் கரண்டியோடும் நின்றிருந்தார்.

"என்னம்மா இது?" என்றார் டவாலி.

நீதிபதி உள்ளிருந்து எட்டிப் பார்த்தார். "ஆஜர்னு சொல்றாங்க. வழி விடுங்க."

அக்கா வந்து எதிர் பெஞ்சில் உட்கார்ந்தார். தம்பி பக்கம் பார்க்கவில்லை. அவருக்கு வக்கீல் இல்லை. பதில் மனுவை எழுதி, உறுதிமொழியோடு, மைக்செட்டின் வக்கீலுக்கு நகலும் அனுப்பியிருந்தார். வக்கீல் அதைப் படித்துவிட்டு மைக்செட்டிடம், "இதை நான் சொல்றதைவிட நீங்க அங்க கேக்கறதுதான் நல்லது" என்று மட்டும் சொல்லியிருந்தார்.

"பேச முடியாதவங்க சார்பா அவங்க பதிலை நானே படிக்கறேன். யாருக்காவது ஆட்சேபணை உண்டா?" என்றார் நீதிபதி. இல்லை.

அவர் படித்தார். அந்தச் சின்னக் குரலில், நிறுத்தி நிதானமாக.

"பத்தி ஒன்று. மாடி இடிந்து விழும் நிலையில் இருப்பதாகத் தம்பி மனுவில் சொன்னான். அவனிடம் இருப்பதிலேயே விலை உயர்ந்த ஆம்ப்ளிஃபயர்கள் மாடியில் என் பக்கத்து அறையில்தான் இருக்கின்றன. அவற்றை அவன் குழந்தைபோலப் போர்வை போர்த்தி வைத்திருக்கிறான். இடியும் கூரைக்குக் கீழே அவன் அக்காவை வைப்பான், ஆம்ப்ளிஃபயரை வைக்கமாட்டான்."

கூடத்தில் சிரிப்பு எழுந்தது. மைக்செட்டுக்கும் சிரிப்பு வந்து, பாதியில் கண் கலங்கியது. இது அக்காவின் பேச்சேதான். எத்தனை வருஷமாயிற்று இதைக் கேட்டு.

"பத்தி இரண்டு. அப்பா வீட்டைத் தம்பிக்கே கொடுத்ததாக வாய்வார்த்தை இருக்கிறதாம். எனக்கும் அப்பா பல வாய்வார்த்தைகள் சொல்லியிருக்கிறார். அவற்றைச் சொல்ல இப்போது எனக்கு வாய் இல்லை. ஆகவே இரண்டு பேரின் வாய்வார்த்தையையும் தள்ளிவைத்துவிட்டுச் சட்டம் சொல்வதைச் செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன்.

"பத்தி மூன்று. 'வாங்க முடியாது' என்று நான் உரத்த குரலில் சொன்னதாக அறிக்கையில் இருக்கிறது. அது மட்டும் உண்மையாக இருந்திருந்தால் இந்த உலகத்தில் என்னைவிடச் சந்தோஷப்படுகிறவர் வேறு யாரும் இருந்திருக்கமாட்டார்கள்."

நீதிபதி இங்கே கொஞ்சம் நிறுத்தினார். கட்டுகளைச் சுமந்துகொண்டு உள்ளே வந்த ஒரு வக்கீல் அப்படியே வாசலில் நின்றுவிட்டார்.

"பத்தி நான்கு. மாடியைக் காலி செய்வாயா என்று தம்பி என்னை நேரில் கேட்டிருந்தால், முடியாது என்றுதான் பலகையில் எழுதிக் காட்டியிருப்பேன். ஆனால் அந்த 'முடியாது' என்னுடையதாக இருந்திருக்கும். ஒரு காலத்தில் எனக்குப் பெரிய குரல் இருந்தது. அது போன பிறகு என்னிடம் மிச்சம் இருப்பது என் பதில் மட்டும்தான். வீட்டில் என் பாதியைக் கேட்டான், அது வழக்கு. என் பதிலையும் எடுத்துக்கொண்டான், அது திருட்டு. இவ்வளவே."

தாளைக் கீழே வைத்துவிட்டு நீதிபதி மைக்செட்டின் வக்கீலைப் பார்த்தார். "நீங்க வாதாடலாம்."

வக்கீல் எழுந்தார். மைக்செட் அவருடைய அங்கியின் கையைப் பிடித்து இழுத்தார். "வேணாம் சார். நான் பேசிக்கறேன்."

அவர் எழுந்து நின்றார். எத்தனையோ மேடைகளில் மைக் பிடித்தவருக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"அம்மா, மனுவை வாபஸ் வாங்கிக்கறேன். அக்கா எழுத ஆரம்பிச்சா, முடிக்கிற வரைக்கும் நான் ஒருநாளும் நின்னதில்ல. எதிர்த்தரப்புங்கற ஒரே காரணத்துக்காக நீங்க கடைசி வரி வரைக்கும் படிச்சீங்க. கூடப் பொறந்த நான் படிக்கலை. பெரிய வழக்கையும் நாங்க ரெண்டு பேரும் உட்கார்ந்து பேசி முடிச்சுக்கறோம். அவங்க என்ன சொன்னாலும் முழுசா கேக்கறேன்."

"பேசுங்க. முடிவானதை எழுதிக் குடுங்க," என்றார் நீதிபதி. "நகலோட." பிறகு, பொய் அறிக்கைக்குக் காசு கொடுத்ததற்காக அவருக்கு அபராதம் விதித்து, அக்காவுக்கு வழக்குச் செலவும் கொடுக்கச் சொல்லி உத்தரவு எழுதினார். மைக்செட் கையெடுத்துக் கும்பிட்டார். அபராதம் விதித்தவரை யாராவது கும்பிடுவார்களா? அவர் கும்பிட்டார்.

வராந்தாவில் அக்கா கைப்பையைத் திறந்து பலகையை எடுத்தார். எழுத ஆரம்பித்தார். மைக்செட் நின்றார். அக்கா ஒரு வரி எழுதி, அழித்து, யோசித்து, மறுபடி எழுதினார். வேண்டுமென்றே தாமதம் செய்கிறாரோ என்று சந்தேகமாகக்கூட இருந்தது. ஆனாலும் நகரவில்லை. ஒருவழியாகப் பலகையைத் திருப்பினார்.

'இன்னும் உன்மேல் கோபம் தீரவில்லை. அதை வீட்டுக்குப் போய் விவரமாக எழுதுகிறேன். இப்போது பசிக்கிறது, டீயும் பன்னும் வாங்கிக் கொடு.'

அந்த நேரம் பார்த்துத் தூணுக்கு அந்தப் பக்கம் பழகிய குரல் கேட்டது. வக்கீல் வேலையை விட்டு அனுப்பிவிட்ட அதே குமாஸ்தா, வேறொரு மனிதரின் காதோடு காதாக ஓதிக்கொண்டிருந்தார். "நகல் அவங்க கைக்குப் போனாத்தானே பதில் போடுவாங்க? போகலைன்னு வைங்க..."

மைக்செட் நேராகப் போய் அந்த மனிதரின் முன்னால் நின்றார். குரல் தானாகவே மேடைக் குரலாகியது.

"கேக்காதீங்க சார் இந்த யோசனையை. லஞ்சம் குடுத்து நான் வாங்கப் பார்த்தது உத்தரவை இல்ல, எங்க அக்காவோட பதிலை. எதிராளி சொல்றதை முழுசா கேட்டுட்டு ஜெயிச்சா அது தீர்ப்பு. கேக்கவிடாம ஜெயிச்சா அது திருட்டு. அது கோர்ட்டுக்கும் பொருந்தும், வீட்டுக்கும் பொருந்தும்."

வராந்தா முழுவதும் திரும்பிப் பார்த்தது. உள்ளே விசாரணை நின்று, டவாலி வாசலுக்கு ஓடிவந்தார். குமாஸ்தா கூட்டத்தில் கலந்து மறைந்தார்.

பின்னால் கம்பியில் கரண்டியின் தட்டு விழுந்தது. டங், டங்.

எவ்வளவோ நாளுக்குப் பிறகு கேட்ட அந்த இரண்டு தட்டுக்கு மைக்செட்டின் கண் நிறைந்துவிட்டது. "சரிக்கா," என்றார். பிறகு குரலைக் குறைத்துக்கொண்டு, அந்த மனிதருக்கு மட்டும் கேட்கும்படி, அதையே முதலிலிருந்து மறுபடி சொன்னார்.